முதல் வரியில் ஊர்காவற்றுறை

மகனே,

இதை நீ வாசிக்கும்போது என்னைவிட மூத்தவனாக இருக்கலாம். எனக்கு இப்போது பத்தொன்பது வயது. உனக்கு நாளையோடுதான் ஒரு மாதம் நிறைகிறது. பிள்ளைக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் நரையாவது இருக்கவேண்டும். எனக்கு அது இல்லை. பள்ளிக்கூடத்தையும் நான் பாதியிலே விட்டவள். ஆகவே இதைப் புத்தியாக எடுக்காதே. உன் வயதுக்காரி ஒருத்தி ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பொனில் ஓர் அறைக்குள் இருந்து, தனக்கு நடந்ததை உனக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள். நீ இப்போது என் முழங்கைக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்கிறாய். நீ எழும்புவதற்குள் எழுதி முடிக்கவேண்டும்.

நாளை பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிகிறது. எங்கள் வீட்டில் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிகிறது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் விடுவதில்லை. என்றாலும் முப்பத்தொரு நாள் கழியாமல் பெற்றவள் வாசற்படி தாண்டக்கூடாது என்பதில் என் அம்மா அசையமாட்டார். வெந்நீர், பத்தியத்துக்குக் காயச் சரக்கு, வயிற்றில் இறுக்கிக் கட்டிய சீலை. யன்னல் ஒன்றுதான், அதுவும் காற்றுப் பிடிக்கும் என்று பாதி சாத்தியது. அந்தப் பாதியால் கடல் தெரியாது, வாசம் மட்டும் வரும். நாளை கதவு திறக்கும். ஆனால் கதவு திறப்பதும் நான் வெளியே போவதும் ஒன்றல்ல என்று இந்த இரண்டு கிழமையாக எனக்கு விளங்கிக்கொண்டே வருகிறது.

யாழ்ப்பாணத்தில் சுதன் அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். சின்னக் கடையொன்றின் மேல்மாடியில் இணையத்தளங்கள் செய்கிறவர். அவருக்கு நான் வீட்டில் இருந்தபடி படிவங்கள் செய்து கொடுக்கிறேன். அவரிடம் வேலை செய்த பெண் வெளிநாடு போகிறாள். அந்த இடத்துக்கு என்னை வரமுடியுமா என்று கேட்டார். தொலைபேசியை எடுத்தது என் அம்மா. "பச்சை உடம்புக்காரி தம்பி, அவளுக்கு ஏலாது" என்று எனக்குக் கேட்கும் தூரத்தில் நின்றே சொன்னார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுதன் அண்ணை விடவில்லை. "துடக்குக் கழியிறதுக்கு முதல் நாள் பின்னேரம் திருப்பி எடுக்கிறன் அம்மா" என்றார். அந்தப் பின்னேரம் இன்றைக்குத்தான். போனால் காலை பஸ்ஸிலிருந்து கடைசி பஸ் வரை நீ என் அம்மாவிடம், பால்மாப் போத்தலோடு. போகாவிட்டால் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அது அவருடையது. இந்த இரண்டை மட்டும்தான் எனக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றையும் எனக்காக அம்மாவே சொல்லிவிடுவார் என்ற பயம்தான் இந்தக் கடிதத்தை எழுதவைக்கிறது.

நான் கதைக்காத பிள்ளை. இதை நீ உன் அப்பாவிடம் கேட்டால் சிரித்துச் சிரித்துச் சொல்வார். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழும்பி நிற்பேன், எழுத்துகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், தொண்டையில் ஒன்றும் வராது. பின்வாங்கில் இருந்து யாராவது "றேடியோ பழுது ரீச்சர்" என்பார்கள். ஒரு நாள் காய்ச்சல் என்று வீட்டோடு நின்றேன். காய்ச்சல் விட்ட பிறகும் போகவில்லை. வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நாளில் "அவளுக்குப் படிப்பு ஏறேல்லை" என்று அயலட்டைக்குச் சொல்லத் தொடங்கினார்கள். அது பொய். கணக்கு எனக்கு நன்றாக ஏறியது. ஆனால் பொய் என்று சொல்வதற்கும் வாய் வேண்டுமே. நான் சொல்லாமல் விட்டதால் அதுவே என்னைப் பற்றிய உண்மையாகப் பதிந்துவிட்டது.

கலியாணமும் அப்படித்தான். உன் அப்பாவை எனக்குப் பிடிக்காமல் இல்லை, அதை நீ தவறாக விளங்கிக்கொள்ளாதே. ஆனால் என்னிடம் கேட்டபோது நான் நிலத்தைப் பார்த்தேன், அது சம்மதம் என்று எடுக்கப்பட்டது. கோயிலில் சுவாமியார் கேட்டபோது நான் சொன்ன "ஓம்" அவருக்கே கேட்கவில்லை. திரும்பவும் கேட்டார். சனம் சிரித்தது. உன் அப்பா குனிந்து என் காதுக்குள், "கொஞ்சம் உரத்துச் சொல்லும், எனக்குப் பசிக்குது" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் அந்த "ஓம்" வெளியே வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் உரக்கச் சொன்ன முதல் சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகுதான் ஊர்காவற்றுறைக் கோயில் மண்டபத்தில் சுதன் அண்ணை கணினி வகுப்பு வைத்தார். நான் கடைசிக் கதிரையில் இருந்து படித்தேன். கணினி என்னை எழுந்து நின்று வாசிக்கச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. பிறகு அவர் பழைய மடிக்கணினி ஒன்றைத் தந்து வேலை தந்தார். அவர் எழுத்தில் கேட்பார், நான் எழுத்தில் பதில் போடுவேன். என் குரலை அவர் கேட்டதேயில்லை.

இனி நான் செய்கிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். இதற்குள்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. இணையப் படிவத்தில் கீழ்விரி பட்டியல் என்று ஒன்று இருக்கும். தொட்டால் கீழே விரிந்து, வரிவரியாகத் தெரிவுகளைக் காட்டும். ஒன்றைத் தொட்டுச் சேமிப்பாய். புதிதாக நிரப்புகிறவருக்கு இதில் தொல்லை இல்லை. தொல்லை, நிரப்பியதைத் திருத்த மறுபடி வருகிறவருக்குத்தான். அந்தப் பட்டியலுக்குத் தானாக ஞாபகம் கிடையாது. இவர் முன்பு எதைத் தெரிவுசெய்தார் என்பதை நாங்கள்தான் அதற்குச் சொல்லவேண்டும். பக்கத்தின் அச்சை டெம்பிளேட் என்கிறோம். அதில் ஒவ்வொரு வரியாக நிறுத்தி, இவர் தெரிவுசெய்தது உன்னையா, உன்னையா என்று கேட்டுக்கொண்டு போகவேண்டும். ஆம் என்கிற வரிக்கு மட்டும் "தெரிவானது" என்று ஓர் அடையாளம் வைக்கவேண்டும். அதை வைக்காமல் விட்டால் பட்டியல் சண்டை பிடிக்காது. சிவப்பு எழுத்தில் பிழை காட்டாது. முதல் வரியைக் காட்டிக்கொண்டு பேசாமல் நிற்கும். வந்தவர் வேறெதையோ திருத்திவிட்டுச் சேமித்தால், அந்த முதல் வரியும் அவருடைய விருப்பம் என்று சேர்ந்து பதிந்துவிடும். அவர் அதைத் தொட்டிருக்கக்கூட மாட்டார்.

நீ வயிற்றில் இருந்த கடைசி மாதத்தில் நடுக்கடல் தீவொன்றின் கோயில் பெருநாளுக்குப் படகுப் பதிவுப் படிவம் செய்தேன். எந்தத் துறையில் ஏறுவீர்கள் என்று ஒரு பட்டியல். பெருநாளை நடத்துகிறவர்கள் அனலைதீவில் தொடங்கி எழுத்து வரிசைப்படி தந்திருந்தார்கள். நான் ஊர்காவற்றுறையைத் தூக்கி முதல் வரியில் வைத்தேன். ஏன் என்று கேட்காதே. தீவாரிடம் தீவுகளின் பெயரைச் சொல்லச் சொல்லிப் பார், ஒவ்வொருவரும் தன் ஊரில்தான் தொடங்குவார். பிறகு படிவம் வேலை செய்கிறதா என்று பார்த்தேன். எந்தத் துறையைப் போட்டுப் பார்த்திருப்பேன்? ஊர்காவற்றுறைதான். சேமித்தேன், திரும்பத் திறந்தேன், ஊர்காவற்றுறை அப்படியே நின்றது. எவ்வளவு அழகாக ஞாபகம் வைத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அதற்கு ஞாபகமே இல்லை, நான் அடையாளம் வைக்க மறந்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியவில்லை. புங்குடுதீவுத் துறையான குறிகட்டுவானை ஒரு தரம் போட்டுப் பார்த்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும். தன் ஊரை மட்டும் வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், மகனே.

நீ பிறந்தாய். மடிக்கணினி அலுமாரிக்குள் போனது. பிள்ளை பெற்றவள் வெளிச்சத்தைப் பார்த்தால் கண் பழுதாகுமாம். அதைப் பூட்டிய திறப்பு அம்மாவின் இடுப்பில். அதற்குள் பெருநாள்காரர், பதிந்தவர்கள் எல்லாரும் மறுபடி உள்ளே போய் அடையாள அட்டை இலக்கத்தைச் சேர்க்கவேண்டும் என்று அறிவித்தார்கள். சனம் சொன்னபடி செய்தது. எனக்கு அது தெரியாது.

பெருநாளுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் காலை உன் அப்பா கதவடியில் வந்து நின்றார். உள்ளே வர அவருக்கும் அனுமதி இல்லை. அவர் ஓடுகிற படகும் பெருநாளுக்குப் பேசப்பட்டிருந்தது. கையில் ஊர்காவற்றுறைத் துறைக்கான பெயர்த்தாள்.

"என்னப்பா இது, எங்கடை துறையிலை இவ்வளவு சனமோ?" என்றார். "இருக்கிற வீடுகளிலை பாதிக்கு ஆமைப்பூட்டு, ஆளில்லை. இதுகள் எங்கையிருந்து முளைச்சதுகள்?"

நான் உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பெயர்களை உரத்து வாசித்தார். வாசித்துக்கொண்டு போனவர் நின்றார்.

"இந்த மனிசி புங்குடுதீவெல்லோ. குறிகட்டுவானை வாசலிலை வைச்சுக்கொண்டு, ஏன் இஞ்சை சுத்தி வருது? அட, இந்தாள் நெடுந்தீவு! நெடுந்தீவான் படகேற ஊர்காவற்றுறைக்கு நீந்தியே வாறான்?"

அவர் சிரித்தார். எனக்கு அறைக்குள் இருந்தபடியே அந்தப் பட்டியல் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. திருத்தப் போன ஒவ்வொருவரையும் அது பேசாமல் என் ஊருக்கு இழுத்து வந்திருந்தது. பெயர்த்தாள்களைப் பின்னேரம் கடற்படைக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது. விடிய எங்கள் துறையில் படகுகள் ஆளில்லாமல் நிற்கும், குறிகட்டுவானில் சனம் பைகளோடு படகில்லாமல் நிற்கும்.

"அம்மா, அலுமாரித் திறப்பைத் தாங்கோ" என்றேன்.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் கேட்டது அவருக்குப் புதினமாக இருந்திருக்கவேண்டும். "ஏனடி?"

"நான் செய்ததிலை பிழை. சனம் பிழையான துறைக்குப் போகப்போகுது."

"அதுக்கு அந்தத் தம்பி இருக்கிறார். நீ சும்மா கிட. கண் போச்சுதெண்டால் பிள்ளையை ஆர் பாக்கிறது?"

"திறப்பைத் தாங்கோ" என்று திரும்பவும் சொன்னேன். உன் அப்பா கதவடியில் நின்று, "மாமி, குடுங்கோ. அவள் ரெண்டாந்தரம் கேக்கிறாள். கோயிலிலை சுவாமியாருக்கே ஒரு தரம்தான் கேக்கிற மாதிரிச் சொன்னவள்" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. திறப்பும் வந்தது.

டெம்பிளேட்டைத் திருத்த ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது. பால் குடித்து நீ ஏவறை விடும் நேரத்துக்குள் முடித்துவிட்டேன். ஆனால் அதைத் திருத்தியதால் சனத்தின் பழைய தெரிவுகள் திரும்பி வரவில்லை. மேலே எழுதினால் கீழே இருந்தது அழிந்துபோய்விடும். அவர்கள் எந்தத் துறையைக் கேட்டார்கள் என்று இனி அவர்களைத்தான் கேட்கவேண்டும். சுதன் அண்ணைக்கு எழுதினேன். அவர் வேறு அலுவலாகக் கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் இருந்தார். "தங்கச்சி, இஞ்சை சிக்னல் விட்டுவிட்டு வருது. நம்பர் எல்லாம் உம்மட்டை இருக்குத்தானே, நீரே எடுத்துக் கேளும்" என்று பதில் வந்தது. உன் அப்பா, "தாரும், நான் கதைக்கிறன்" என்று கையை நீட்டினார். ஆனால் பெயர்த்தாள்களைக் கொடுக்கவிடாமல் பின்னேரம்வரை துறையில் யாராவது மறித்துவைத்திருக்கவேண்டும். அதற்கு அவரை விட்டால் ஆளில்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அறையில் நான், நீ, வீட்டுத் தொலைபேசி.

முதல் ஆள் எடுத்தார். "ஹலோ?" அதே பழைய வகுப்பறை. "ஹலோ? ஆர்? என்ன, மூச்சு விட்டுக் காட்டவோ எடுத்தனீர்?" என்று வைத்துவிட்டார். நான் அழுதேன். உன்னை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டாவது எண்ணை எடுத்தேன். அது அந்தப் புங்குடுதீவு அக்கா. நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது, பெருநாள், படகு, துறை என்று மூன்று சொல் வந்திருக்கும்.

"குறிகட்டுவான்தானே பிள்ளை போட்டனான்! ஊர்காவற்றுறைக்கு நான் ஏன் வாறன்? அங்கை எனக்கு மாப்பிள்ளையே பாத்து வைச்சிருக்கிறியள்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே நேரம் நீ வீரிட்டு அழத் தொடங்கினாய். "பச்சைப்பிள்ளைச் சத்தமெல்லோ கேக்குது" என்றார் அவர். "எத்தினை நாள்? ஐயோ, முதல் அதுக்குப் பாலைக் குடு. என்ரை பக்கத்து வீட்டுக்காரரும் பதிஞ்சவை. நீ குடுத்து முடிய நான் ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுத் தாறன், நீ கேள்." அப்படியே செய்தார். ஒரு கையில் நீ, ஒரு காதில் தொலைபேசி, புங்குடுதீவு ஒழுங்கை முழுவதும் என்னோடு கதைத்தது. "நீர் ஆற்றை மகள்?" என்று கேட்டார்கள். "ஏன் பிள்ளை இவ்வளவு மெல்லக் கதைக்கிறீர், ஆரும் அடிக்கிறவையோ?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கொஞ்சம் உரத்துக் கதைத்தேன். முதலில் வைத்துவிட்டவரைக் கடைசியாகத் திரும்ப எடுத்தேன். "இப்ப கதை வருது போலை" என்றார்.

நெடுந்தீவுக்காரர் ஒருவர் மட்டும் எடுக்கவேயில்லை. அவர் நெடுந்தீவில் ஏறுவார் என்று நானே போட்டிருக்கலாம். ஆனால் எத்தனையோ பேர் எனக்காக இதைத்தான் விரும்புவாள் என்று போட்டுவைத்த வாழ்க்கை இது. அதை நான் இன்னொருவருக்குச் செய்ய மனம் வரவில்லை. பட்டியலின் உச்சியில் ஒரு புது வரி சேர்த்தேன். ஊர் எதுவும் இல்லை, "துறையைத் தெரிவுசெய்யவும்" என்று மட்டும். அந்த வரியில் நின்றால் படிவம் சேமிக்காது, ஆளைத் தொட்டுச் சொல்லச் சொல்லும். அவர் பெயரை அங்கே விட்டேன். உன் அப்பாவிடம் சொல்லி நெடுந்தீவு, ஊர்காவற்றுறை இரண்டு துறைத் தாளிலும் அவருக்கு ஓர் இடம் வைக்கச் செய்தேன். அவர் நெடுந்தீவிலேயே ஏறினாராம். மாடு சாய்க்கப் போனவர் தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த கிழமைதான் சுதன் அண்ணை வேலைக்குக் கேட்டு எடுத்தார். அம்மா "ஏலாது" என்றார். நான் அன்றும் வாய் திறக்கவில்லை. இதையும் நீ தெரிந்துகொள். ஒரு நாள் கதைத்துவிட்டால் எல்லா நாளும் கதைத்துவிடலாம் என்று நினைத்தேன், அப்படி இல்லை. சனத்துக்காகக் கதைக்க வந்த குரல் எனக்காகக் கதைக்க வரவில்லை. இந்த அறையின் சுவர் துடக்கினால் மட்டும் எழும்பியதல்ல.

இதுவரை எழுதியபோது நீ எழும்பிவிட்டாய். உனக்குப் பால் கொடுக்கும்போதே தொலைபேசி அடித்தது. அம்மா சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தார். "ஓம் தம்பி. ஓம். அவள் எங்கை தம்பி..." என்று தொடங்கினார். நான் கையை நீட்டினேன். அம்மா பார்க்காத மாதிரி மறுபக்கம் திரும்பினார். "அம்மா, இஞ்சை தாங்கோ" என்றேன். நீ திடுக்கிட்டு முலையை விட்டாய், அவ்வளவு சத்தம். அம்மா தந்தார்.

"நான்தான் கதைக்கிறன் அண்ணை."

"ஆர், தங்கச்சியோ? உம்மடை குரலை இண்டைக்குத்தான் கேக்கிறன்" என்றார். "சொல்லும், வாறீரோ, இல்லையோ?"

வருவது, வராமல் விடுவது. அவரும் இரண்டு வரிதான் வைத்திருந்தார். "கிழமையிலை ரெண்டு நாள் வாறன். மிச்ச நாள் இஞ்சை இருந்து செய்யிறன். பிள்ளையும் என்னோடைதான் வருவான், மேல்மாடியிலை ஏணைச் சீலை கட்ட ஒரு கூரை வளை வேணும்" என்றேன். அவர், "அப்பிடி ஒண்டை நான் யோசிக்கேல்லை" என்றார். "வளை இருக்கு. நாளைக்குச் சொல்லுறன்."

ஓம் என்று அவர் இன்னும் சொல்லவில்லை, மகனே. நாளை இல்லை என்றும் சொல்லலாம். உன் அப்பா இன்னும் கடலில், அவரிடம் இனித்தான் சொல்லவேண்டும். அம்மா போன குசினியில் பானைச் சத்தம் வழக்கத்தைவிடக் கூடவாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவடியில் வந்து நின்று, "தண்ணி ஆறுது, வந்து குளி" என்றார். பிறகு யன்னலடிக்குப் போய், காற்றுப் பிடிக்கும் என்று ஒரு மாதமாகச் சாத்தியிருந்த மற்றப் பாதியைத் தள்ளித் திறந்தார். "இனிப் பஸ்ஸுக்குள்ளை காத்து அடிக்கத்தானே போகுது" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

உன் பெயரில் இந்த ஊரும் இந்த வீடும் எத்தனையோ வரிகளை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டன. கடலுக்குப் போவான், கனடாவுக்குப் போவான், தாயைப்போல ஊமை. நான் முடிந்தவரை உச்சியில் ஒரு வெறும் வரியை உனக்காகப் பிடித்துவைத்திருப்பேன். நீ தொடும்வரை அதில் யாரும் எதையும் நிரப்பாமல் பார்த்துக்கொள்வேன், நான் உட்பட. இந்தக் கடிதத்தை நீ எங்கே இருந்து வாசிக்கிறாயோ, அந்த இடத்தை நீதான் தொட்டாயா என்று ஒரு தரம் பார். இல்லையென்றால் என்னைக் கூப்பிட்டுச் சொல்லு. நான் தொலைபேசியை எடுப்பேன்.

உன் அம்மா